வேட்டியும் சர்க்கரைதான்!

சோறு ஜீரணமாகிறது, சக்கை ஏன் ஜீரணமாவதில்லை? வயிற்றுக்குள் நடக்கும் அதிசயம்

இடுப்பில் கட்டும் வேட்டி எதனால் ஆனது?

பருத்தியால்.

பருத்தி எதனால் ஆனது?

சர்க்கரையால்!

இது வேடிக்கைப் பேச்சு அல்ல, உண்மை. பருத்தி நூலில் பெரும்பகுதி 'செல்லுலோஸ்' என்ற பொருள். செல்லுலோஸ் என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் சர்க்கரை மணிகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி.

சோறு எதனால் ஆனது? அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான்! அதற்கு மாவுச்சத்து என்று பெயர்.

அப்படியானால் சோறு பசியைத் தீர்க்கிறது. வேட்டியைத் தின்றால் பசி தீருமா?

தீராது. மணி ஒன்றுதான், கோத்த விதம் வேறு. மாவுச்சத்தில் மணிகள் ஒரு விதமாக இணைந்திருக்கின்றன. செல்லுலோஸில் வேறு விதமாக இணைந்திருக்கின்றன. முதல் சங்கிலியை அறுக்க மனித உடலில் கத்தி இருக்கிறது. இரண்டாவது சங்கிலியை அறுக்கக் கத்தி இல்லை.

அவ்வளவுதான் வித்தியாசம். இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் மனிதனின் ஆரோக்கியமே அடங்கியிருக்கிறது.

வாயில் தொடங்கும் வேலை

ஜீரணம் வயிற்றில் நடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வாயிலேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு கவளம் வெறும் சோற்றை எடுத்து, குழம்பு எதுவும் சேர்க்காமல், ஒரு நிமிடம் நன்றாக மென்று பார்த்தால் போதும். மெல்ல மெல்ல லேசான இனிப்புத் தட்டும்.

சோற்றில் யார் சர்க்கரை போட்டது?

எச்சில்தான் போட்டது! எச்சிலில் 'அமைலேஸ்' என்ற நொதி இருக்கிறது. நொதி என்பது உணவை வெட்டும் கத்தி போன்றது. அது மாவுச்சத்துச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. துண்டுகள் இனிக்கின்றன. எச்சிலுக்கு இந்தச் சக்தி உண்டு என்பதை 1831-ம் ஆண்டிலேயே லாய்க்ஸ் என்ற ஜெர்மானியர் கண்டு சொன்னார்.

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று பெரியவர்கள் சொன்னது வீண் பேச்சு அல்ல. மென்று விழுங்கினால் வேலையில் ஒரு பங்கு வாயிலேயே முடிந்துவிடுகிறது.

விழுங்கிய சோறு இரைப்பைக்குப் போகிறது. அங்கே அமிலம் சுரக்கிறது. அமிலம் பட்டதும் எச்சிலின் கத்தி மழுங்கிவிடுகிறது. இரைப்பை சோற்றைக் கடைந்து கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது.

சிறுகுடல் என்று பெயர். ஆனால் நீளம் சுமார் 6 மீட்டர்! சுற்றளவு சிறிது என்பதால் அந்தப் பெயர். இங்கேதான் பெரிய வேலை நடக்கிறது. கணையம் என்ற உறுப்பு தன் நீரை ஊற்றுகிறது. அதிலும் அமைலேஸ் இருக்கிறது. மிச்சமிருக்கும் மாவுச்சத்தை அது வெட்டித் தள்ளுகிறது.

ஒற்றை மணிக்கே அனுமதி

சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பான குழாய் அல்ல. கம்பளத்தில் நூல் நிற்பதுபோல் லட்சக்கணக்கான மெல்லிய விரல்கள் அதில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உணவுப் பாதை முழுவதன் உட்புறத்தையும் விரித்துப் பரப்பினால் சுமார் 300 சதுர அடி வரும். இரண்டு அறைகளின் தரை அளவு ஒரு மனிதனின் வயிற்றுக்குள் மடிந்து கிடக்கிறது! அதில் பெரும்பகுதி சிறுகுடலைச் சேர்ந்தது.

இந்த விரல்கள் கண்டிப்பான காவல்காரர்கள். சர்க்கரை ஒற்றை மணியாக வந்தால்தான் ரத்தத்துக்குள் விடுவார்கள். ஜோடியாக வந்தால் அனுமதி கிடையாது.

கரும்புச் சர்க்கரை ஒரு ஜோடி. அதில் ஒரு பாதி குளுக்கோஸ், மறு பாதி புரக்டோஸ். பால் சர்க்கரையும் ஜோடிதான். ஒவ்வொரு ஜோடியையும் பிரிக்கத் தனித்தனிக் கத்தி குடல் சுவரில் இருக்கிறது.

பாலைப் பிரிக்கும் கத்திக்கு 'லாக்டேஸ்' என்று பெயர். குழந்தைப் பருவத்தில் அது எல்லோருக்கும் கூர்மையாக இருக்கும். வளர வளரப் பலருக்கு அது குறைந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு உப்புகிறது, கடமுடா என்கிறது, சில சமயம் பேதியும் ஆகிறது. அவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. காரணம், உறை ஊற்றும்போது சேரும் கிருமிகள் பால் சர்க்கரையில் ஒரு பங்கை முன்னதாகவே தின்றுவிடுகின்றன.

உப்பு போட்டால் திறக்கும் கதவு

குளுக்கோஸ் மணி குடல் சுவரைத் தாண்டி எப்படி உள்ளே போகிறது?

1960-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிராக் நகரில் விஞ்ஞானிகள் மாநாடு ஒன்று நடந்தது. அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன் அங்கே ஒரு புதுக் கருத்தைச் சொன்னார். குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. அது குளுக்கோஸ் மட்டும் வந்தால் திறக்காது. உப்பில் உள்ள சோடியமும் கூட வரவேண்டும். இரண்டும் கைகோத்து வந்தால் கதவு திறக்கும். அவற்றின் பின்னால் தண்ணீரும் உள்ளே போகும்.

கேட்பதற்குச் சாதாரண விஷயம். ஆனால் இந்தக் கதவு லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது!

காலரா கண்டவர் எதனால் இறக்கிறார்? உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் பேதியாகப் போய்விடுவதால் இறக்கிறார். வெறும் தண்ணீர் கொடுத்தால் குடல் அதைப் போதுமான அளவு ஏற்பதில்லை. வந்த வழியே போய்விடுகிறது. ஆகவே ஊசி மூலம் ரத்தக் குழாயில் உப்பு நீர் ஏற்றுவதே வழி என்று டாக்டர்கள் நினைத்திருந்தார்கள்.

ஆனால் காலரா எத்தனை கடுமையாக இருந்தாலும் அந்த உப்பு-சர்க்கரைக் கதவை அது பூட்டுவதில்லை! சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாயால் குடிக்கக் கொடுத்தால் ஊசி நீரின் தேவை வெகுவாகக் குறைகிறது என்று 1968-ம் ஆண்டு டாக்கா நகரில் நடந்த ஆராய்ச்சி காட்டியது.

அகதி முகாமில் ஒரு டாக்டர்

1971-ம் ஆண்டு. வங்காள தேசப் போர். கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் உயிர் தப்பி இந்தியாவுக்குள் வந்தார்கள். முகாம்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது. காலரா பரவியது.

மேற்கு வங்காளத்தின் எல்லையில் உள்ள ஊர் பன்காவ். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் திலீப் மகலனாபிஸ் வந்தார். அவர் குழந்தை வைத்திய நிபுணர்.

அங்கே அவர் கண்ட காட்சி கல் நெஞ்சையும் கரைக்கும். படுக்கைகள் போதவில்லை. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். அவர்களுடைய வாந்தியிலும் பேதியிலும் முழங்கால் இட்டுத்தான் ஊசி போடவேண்டி இருந்தது. ஊசி மூலம் ஏற்றும் நீர் தீர்ந்துகொண்டே வந்தது. அதை ஏற்றத் தெரிந்தவர்களும் சிலரே.

டாக்டர் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. இந்தக் கணக்கில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டச் சொன்னார். குழாய் வைத்த பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் தாயார், அண்ணன், தங்கை யாராக இருந்தாலும், குவளையில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுக்கலாம் என்றார்.

படிப்பறிவு இல்லாத தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே மருந்து ஊட்டினார்கள்!

பலன் என்ன? அதற்கு முன் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். அவருடைய பொறுப்பில் இருந்த 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாகவே இறந்தார்கள்.

அந்த நீர்தான் 'ஓ.ஆர்.எஸ்.' என்று உலகமெங்கும் வழங்குகிறது. டாக்டர் மகலனாபிஸ் 2022-ம் ஆண்டு கல்கத்தாவில் காலமானார். அவர் மறைந்த பிறகு, 2023-ல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

குழந்தைக்குப் பேதி ஆனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காத அவசரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரைக்கலாம். அளவு தவறக்கூடாது. சர்க்கரை கூடினால் அது உடம்பிலுள்ள நீரையே குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். உப்பு கூடினாலும் ஆபத்து. கலர், சோடா போன்ற இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகமாட்டா. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. குழந்தை சோர்ந்து கண் குழிவிழுந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

உடம்பு முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி!

குடலைத் தாண்டிய குளுக்கோஸ் ரத்தத்தில் கலக்கிறது. நல்ல உடல்நிலை உள்ள மனிதனின் ரத்தம் முழுவதிலும் ஒரு சமயத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கும்?

சுமார் 5 கிராம். ஒரு தேக்கரண்டி அளவுதான்!

ஆனால் ஒரு வேளைச் சோற்றிலிருந்து இதைப்போல் பல மடங்கு சர்க்கரை ரத்தத்துக்கு வருகிறது. அத்தனையும் ரத்தத்திலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்?

கணையம் அதைக் கவனித்துக்கொள்கிறது. சர்க்கரை ஏறியவுடன் 'இன்சுலின்' என்ற சுரப்பை அனுப்புகிறது. இன்சுலின் வந்ததும் தசைகள் சர்க்கரையை உள்ளே வாங்குகின்றன. கல்லீரல் ஒரு பங்கைச் சேமித்து வைக்கிறது. இரவில் தூங்கும்போது கல்லீரல் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து மூளைக்குக் கொடுக்கிறது.

இன்சுலின் சுரக்காவிட்டாலும், சுரந்தும் வேலை செய்யாவிட்டாலும், சர்க்கரை ரத்தத்தில் தேங்குகிறது. அதுதான் சர்க்கரை வியாதி. அது சத்தமில்லாமல் கண், சிறுநீரகம், இருதயம், கால் நரம்பு எல்லாவற்றையும் அரிக்கிறது. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு இந்த வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பு கூறுகிறது.

இங்கேதான் அந்த ஜீரணமாகாத சக்கை துணைக்கு வருகிறது!

மாடு தின்னும், மனிதன் தின்ன முடியாது

கீரைத் தண்டு, அவரைத் தோல், கொய்யாப் பழத்தின் சதை, தானியத்தின் தவிடு இவற்றில் எல்லாம் நார்ச்சத்து இருக்கிறது. செல்லுலோஸ் அதில் ஒரு வகை.

சுவரொட்டியைத் தெருமாடு கிழித்துத் தின்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பின்னால் தடவிய பசை மாவினால் ஆனது. அதை மனிதனும் ஜீரணிக்க முடியும். ஆனால் காகிதம் செல்லுலோஸ். அதை மாடு மட்டுமே ஜீரணிக்கும்.

மாட்டிடம் மட்டும் கத்தி இருக்கிறதா?

இல்லை! மாட்டுக்கும் சொந்தக் கத்தி கிடையாது. அதன் முதல் இரைப்பை ஒரு பெரிய அண்டா. அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடானுகோடி வாழ்கின்றன. அவைதான் வைக்கோலையும் காகிதத்தையும் பிரித்துக் கொடுக்கின்றன. மாடு அசைபோட்டு அவற்றுக்கு உதவுகிறது.

மனிதனுக்கு அந்த அண்டா இல்லை. ஆகவே நார்ச்சத்து சிறுகுடல் முழுவதையும் அப்படியே கடந்து போகிறது.

ஆனால் சும்மா போவதில்லை. ஓட்ஸ், பயறு, வெந்தயம் போன்றவற்றில் உள்ள ஒரு வகை நார் தண்ணீரில் ஊறிக் கொழகொழப்பாகிறது. வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழப்பாவதைப் பெண்கள் அறிவார்கள். அந்தக் கொழகொழப்பில் சர்க்கரை மணிகள் சிக்கிக்கொள்கின்றன. அவை ஒரேயடியாகப் பாயாமல் மெதுவாக ரத்தத்தில் சேருகின்றன. கணையத்துக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

ஆரஞ்சுப் பழத்தைச் சுளையாகத் தின்பதற்கும், பிழிந்து வடிகட்டிக் குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வடிகட்டியதும் நாரெல்லாம் குப்பைக்குப் போய்விடுகிறது. சர்க்கரை மட்டும் டம்ளரில் நிற்கிறது.

"வெல்லம் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. வெல்லத்தில் பெரும்பகுதி அதே கரும்புச் சர்க்கரைதான். நார் அதில் இல்லை.

பெருங்குடலில் ஒரு விருந்து

சிறுகுடலைத் தாண்டிய நார் பெருங்குடலுக்கு வருகிறது. அதன் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். மனிதனுடைய கிருமிப் பட்டாளம் அங்கேதான் முகாம் போட்டிருக்கிறது. கிருமி என்றால் எல்லாம் எதிரி அல்ல. இவை வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர்கள்!

எப்படி வாடகை கொடுக்கின்றன?

நாரில் ஒரு பங்கை அவை தின்று புளிக்க வைக்கின்றன. அப்போது சில வகை அமிலங்கள் உண்டாகின்றன. அவற்றில் ஒன்று 'பியூட்டிரேட்'. பெருங்குடலின் உட்சுவருக்கு அதுதான் முக்கிய உணவு. ஆகவே நாரே இல்லாத சாப்பாடு சாப்பிட்டால் மனிதனின் வயிறு நிறையும். ஆனால் அவனுடைய பெருங்குடல் பட்டினி கிடக்கும்!

மொச்சை, கொண்டைக்கடலை தின்றால் வாயு உண்டாவதும் இதனால்தான். அவற்றில் உள்ள சில சர்க்கரைகளை அறுக்க மனிதனிடம் கத்தி இல்லை. கிருமிகளுக்கு விருந்து, மனிதனுக்கு வாயு. பயறுகளை இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு குறையும்.

இதைவிடப் பெரிய அதிசயம் தாய்ப்பாலில் இருக்கிறது. குழந்தையால் ஜீரணிக்கவே முடியாத சர்க்கரைகள் அதில் ஏராளம்! குழந்தைக்குப் பயன்படாததை இயற்கை ஏன் வைத்தது? குழந்தையின் குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்காக! தாய் தன் குழந்தைக்கு மட்டும் அல்ல, அதன் குடலைக் காக்கும் காவலர்களுக்கும் சேர்த்துப் பாலூட்டுகிறாள்.

ஒற்றைக்கண் டாக்டரின் கண்டுபிடிப்பு

நாரின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் டெனிஸ் பர்க்கிட். அயர்லாந்துக்காரர். சிறுவயதில் ஒரு கண்ணை இழந்தவர். ஒற்றைக் கண்ணுடனே பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணரானார். 1946-ம் ஆண்டு ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டாவுக்குப் போனார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அங்கே வைத்தியம் செய்தார்.

இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் நிரம்பிக் கிடந்த மலச்சிக்கல், மூலம், குடல்வால் நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை உகாண்டா கிராமங்களில் அபூர்வமாக இருந்தன. காரணம் என்ன?

அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் குண்டுகளை விழுங்கச் சொல்லி, அவை வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். நார் மிகுந்த உணவு உண்ட ஆப்பிரிக்க கிராமத்தாருக்குச் சுமார் ஒன்றரை நாள். தீட்டிய மாவு ரொட்டி தின்ற ஆங்கிலேயருக்கு மூன்று நாளுக்கும் மேல்! இந்த முடிவு 1972-ல் வெளியாயிற்று.

பர்க்கிட் சொன்ன எல்லாமே பிறகு உறுதியாகவில்லை. ஆனால் அடிப்படை நிலைத்தது. 2019-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நார் குறைவாக உண்டவர்களைவிட அதிகமாக உண்டவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை வியாதி, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை நூற்றுக்கு 15 முதல் 30 பங்கு வரை குறைவாகக் காணப்பட்டன.

எவ்வளவு சாப்பிடலாம்?

பெரியவர்கள் நாள் ஒன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. காயும் பழமும் சேர்ந்து 400 கிராம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. காப்பியிலும் பலகாரத்திலும் பானங்களிலும் சேர்க்கும் சர்க்கரை நாள் முழுவதும் சேர்த்து 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் கீரையும் பொரியலும் கூட்டினால் போதும். கேழ்வரகு, கம்பு, வரகு, முழுப் பயறு, கொய்யா, வாழைத்தண்டு, முருங்கைக் கீரை எல்லாம் நார் நிறைந்தவை. சோறு வடித்து ஆறியபின் அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு நாரைப்போல் மாறிவிடுகிறது என்றும் விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். பழைய சோறு சாப்பிட்ட பாட்டிமார்களுக்கு இது ஒரு வெற்றி! ஆனால் பழைய சோற்றிலும் பெரும்பகுதி சர்க்கரையாகவே மாறும் என்பதை நீரிழிவுக்காரர்கள் மறக்கக்கூடாது.

நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். தண்ணீரும் தாராளமாகக் குடிக்க வேண்டும். குடல் நோய் உள்ளவர்களும், மருந்து சாப்பிடும் சர்க்கரை வியாதிக்காரர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மாற்றுவதே நல்லது.

கரும்பைப் பிழிந்தால் சாறு ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம். இரண்டும் சர்க்கரையால் ஆனவை. இயற்கை இரண்டையும் ஒரே தண்டில் சேர்த்து வைத்தது. மனிதன்தான் சக்கையை எறிந்துவிட்டுச் சாற்றை மட்டும் காய்ச்சி டப்பாவில் நிரப்பினான்.

எறிந்ததில் கொஞ்சத்தைத் திரும்ப இலைக்குக் கொண்டு வந்தால், உடம்பு நன்றி சொல்லும்!